பின்னறையில் உட்கார வை

சால்ட் லேக்கில் வங்காள அரசின் ஒரு கல்வி அலுவலகம். அங்கே பொதுமக்களுக்குத் தகவல் சொல்வதற்கென்றே சம்பளம் வாங்கியவர் அவர். மழமழவென்று வழித்த மோவாய், இஸ்திரி கலையாத சட்டை. கேள்வி கேட்டால் உடனே மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார். துடைத்து முடிக்கும்வரை நேரான பதில் வராது. முடித்த பிறகும் வராது.

பெஹாலாவில் எங்கள் குழந்தைகள் படிக்கும் பள்ளியை மூடக்கூடாது என்று பெற்றோர்கள் ரோட்டில் உட்கார்ந்திருந்தோம். கல்வி உரிமைச் சங்கம் என்று சொல்லிக்கொண்டு சிலர் வந்து மைக்கைப் பிடித்தார்கள். பிறகு அதிகாரிகளோடு கதவை மூடிக்கொண்டு பேசிவிட்டு, பெற்றோர் சம்மதித்துவிட்டதாக அறிவித்தார்கள். உள்ளே என்ன பேசினார்கள் என்று கேட்கத்தான் நானும் மனைவியும் போனோம்.

"அப்படி யாரும் இங்கே வந்ததே இல்லையே," என்றார் இங்கிலீஷில், கண்ணாடியைத் துடைத்தபடி.

"புளுகறார். மூஞ்சியைப் பாருங்கோ," என்றாள் மனைவி தமிழில்.

தமிழைக் கேட்டதும், நேற்றுதான் ஹௌரா ஸ்டேஷனில் வந்து இறங்கியவர்கள் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. எங்கள் எதிரிலேயே பியூனிடம் பெங்காலியில் சொன்னார்: "சங்கத்துக்காரங்க வந்தா பின்னறையில உட்கார வை. இதுங்க முதல்ல போகட்டும்."

நான் பிறந்ததே பெஹாலாவில். "அண்ணா, அவங்களையும் இங்கேயே கூப்பிடுங்க, சேர்ந்தே டீ குடிப்போம்," என்றேன் பெங்காலியில்.

வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முகமெல்லாம் மலர, "அடடா, எவ்வளவு அழகான பெங்காலி!" என்றார்.

அவர் சொன்ன பொய்யைக்கூட என்றாவது மறந்துவிடுவேன். அன்று அவர் எங்களிடம் மனதாரச் சொன்ன ஒரே உண்மை அந்தப் பாராட்டுதான் என்று நினைக்கும்போதுதான் இன்றைக்கும் வயிறு எரிகிறது.