சக்கரத்தைச் சுற்றிப் பார்க்காத காலை

எங்கள் தெரு மெக்கானிக்குக்குப் பூனை என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறாக இருக்கும், யாரும் கேட்டதில்லை. என் வீட்டுக்காரர் நோயில் படுத்திருந்த காலத்தில், கண் அசந்தாலும் சின்னச் சத்தத்துக்கு விழித்துக்கொள்வார். பூனை வீடு திரும்பும்போது தெருமுனையிலேயே வண்டியை அணைத்துவிட்டு, எங்கள் வாசலைத் தாண்டும்வரை தள்ளிக்கொண்டே போவார். ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்ததால் எனக்குத் தெரியும்.

வீட்டுக்காரர் போனபின் எனக்கென்று மிச்சம் ஒரே மகன். மருந்துக்கடைகளுக்குப் பெட்டி கொண்டுபோய்ப் போடுகிறவன். மலைப்பாதையில் இறங்கித்தான் போகவேண்டும். ஒரு நாள் காலையில் செயின் தொங்குகிறது என்று வண்டியைப் பட்டறைக்கு உருட்டிப் போனான். அவன் மறந்துவிட்ட சாப்பாட்டுப் பையோடு நானும் பின்னாலேயே போனேன்.

"அண்ணே, நீங்க பூனையா ஆமையா? மருந்துக்கடை திறந்துடும்ணே."

"இருடா, வாலைப் பிடிச்சு இழுக்காத."

பூனை செயினை அடியிலிருந்து விரலால் ஓரிடத்தில் தூக்கிப் பார்த்தார். தொங்கியது. பின்சக்கரத்தை இரண்டு பக்கமும் சமமாகப் பின்னுக்கு இழுத்து நட்டை முடுக்கினார். அவன் பறந்துவிட்டான்.

கை துடைத்துக்கொண்டு நின்ற பூனை, துடைப்பதை நிறுத்தினார். தெருவின் கடைசியிலிருந்து வண்டிச் சத்தம் கேட்டது. கரக்... கரக்... விட்டுவிட்டு வந்தது.

"அக்கா, சக்கரத்தைச் சுத்திப் பாக்காம விட்டுட்டேன்."

"பாக்காட்டி என்ன?"

"செயின் எல்லா இடத்துலயும் ஒண்ணாத் தேயாது. ஒரு இடம் தொங்கும், ஒரு இடம் இறுகும். நான் தொங்கின இடத்தைப் பாத்து இழுத்து வச்சிட்டேன். இறுகுற இடம் வர்றப்ப..."

"முழுங்காம சொல்லு தம்பி."

"அறுந்துடும்கா. சக்கரத்துல சிக்கினா வண்டி அப்படியே பூட்டிக்கும்."

அவனுக்கு ஃபோன் அடித்தோம். மணி போனது; எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தோம். பூனை தன் வண்டியைக் கிளப்பினார்.

"நீங்க வேணாம்கா."

"நான் உக்காந்தாச்சு. நீ ஓட்டு."

மலைப்பாதையில் இறங்கினோம். பள்ளத்தைப் பார்க்கப் பயந்து கண்ணை மூடினேன். மூடினால் அதைவிட மோசமாகத் தெரிந்தது. 'ஆண்டவா, நீ கொடுத்த பிள்ளை' என்று தொடங்கினேன். மேலே வாய் வரவில்லை. முன்னால் பூனையின் சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. "என் புத்தி, என் புத்தி" என்று முனகிக்கொண்டே வந்தார்.

ஒரு வளைவில் மருந்துப் பெட்டி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அவர் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் நான் இறங்கியிருக்கமாட்டேன், விழுந்திருப்பேன். வளைவைத் தாண்டினால், விழுந்த பெட்டியைத் தேடிக்கொண்டு என் மகன் நடந்து வருகிறான்.

"என்னம்மா, அண்ணன்கூட ஊர்வலமா?"

முதுகில் ஓர் அறை வைத்தேன். பிறகு அதே இடத்தைத் தடவிக் கொடுத்தேன். ஃபோன் பெட்டிகளுக்கு அடியில் இருந்ததாம்.

பூனை, சற்றுக் கீழே நின்ற அவன் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, சக்கரத்தை மெல்லச் சுற்றிச் செயினை அழுத்திக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் கம்பி போல விறைத்து நின்றது. அங்கே இருந்த செயின் கண்ணியில் சாக்பீஸால் ஒரு கோடு, அதைத் தாங்கிய பல்சக்கரத்தின் பல்லில் ஒரு கோடு போட்டார். மறுபடி சுற்றினார். கோடு போட்ட பல் சுற்றி வந்தபோது இறுகவில்லை. கோடு போட்ட கண்ணி வந்தபோதுதான் இறுகியது.

"பல்சக்கரம் நேராத்தான் இருக்கு. செயின்தான் கெட்டுப்போச்சு" என்றார். இறுகிய இடத்திலேயே அளவு வைத்துத் தளர்த்தி, மேட்டில் பட்டறைவரை மெல்ல ஓட்டி வந்து, புதுச் செயின் போட்டார். அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை என்று அவர் மனைவி சொன்னாள்.

போன வருடம் தன் மகள் இருக்கும் ஊருக்கே அவர் குடிபோனார். சாமான் ஏற்றிய வண்டி உறுமிக்கொண்டிருக்க, என்னிடம் வந்து நின்றார்.

"பையன்கிட்ட ஃபோனை எடுக்கச் சொல்லுங்கக்கா. அன்னிக்கே எனக்குப் பாதி உயிர் போயிடுச்சு. மிச்சத்தைத்தான் மூட்டை கட்டி எடுத்துட்டுப் போறேன்."