இருநூற்றுப் பதினான்கின் பிறந்த நேரம்

சிவசம்பு தன் கையெழுத்தையே இரண்டு தரம் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார். அரசாங்க உத்தியோகத்தில் முப்பத்தொரு வருஷம் கோப்பு அறைக்குப் பொறுப்பாக இருந்தவர். சாவிக் கொத்தை இடுப்பிலிருந்து அவிழ்த்ததை அவர் மனைவியே பார்த்ததில்லை என்பார்கள். ஓய்வு பெற்ற பிறகு பிரிக்பீல்ட்ஸில் ஒரு சங்கம் நடத்திய திருமணத் தகவல் நிலையம் அவர் பொறுப்புக்கு வந்தது. அங்கே பூட்டும் இல்லை, சாவியும் இல்லை. பெண், மாப்பிள்ளை ஜாதகங்கள் திறந்த அலமாரியில் கிடந்தன. மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

1992இல் அந்தக் கவலை தீர்ந்தது. பெட்டாலிங் ஜெயாவிலிருந்து வாசு என்ற இளைஞன் வந்து மூன்று கம்ப்யூட்டர்களை இணைத்து, ஜாதகங்களையெல்லாம் டேட்டாபேஸில் ஏற்றிக் கொடுத்தான்.

"அங்கிள், ஒவ்வொருத்தருக்கும் ஒரு பேரு, ஒரு பாஸ்வேர்ட். யாரு பார்க்கலாம், யாரு சேர்க்கலாம், யாரு மாத்தலாம், யாரு அழிக்கலாம், எல்லாம் நீங்கதான் முடிவு பண்ணணும்."

சிவசம்புவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! ஒரே அலமாரிக்கு நான்கு சாவி! சங்கத் தலைவருக்குப் பார்க்க மட்டும் அனுமதி கொடுத்தார். "தலைவர் எண்டால் என்ன, அவருக்கும் விரல் இருக்குத்தானே?" என்றார். கிள்ளானிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து தட்டச்சு செய்யும் புஷ்பவல்லிக்கு வேறு வழியில்லாமல் சேர்க்கவும் மாற்றவும் அனுமதித்தார். அழிக்கும் உரிமை அவருக்கு மட்டும்தான்.

இப்படிக் கட்டிக் காத்த பெட்டியிலேயே யாரோ கைவைத்தார்கள். அதுவும் இருநூற்றுப் பதினான்காம் எண்ணில். அது அவருடைய மகள், பள்ளிக்கூட டீச்சர் குணபூசணியின் ஜாதகம்.

செராஸிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் அச்சடித்த தாளைத் திருப்பிக் கொடுத்து, "செவ்வாய் தோஷம் இருக்குதே" என்று கையை விரித்தார்கள். அதற்கு முன்பே இரண்டு இடங்கள் காரணம் சொல்லாமல் நழுவியிருந்தன. சிவசம்பு தாளைப் பார்த்தார். மகள் பிறந்தது விடியற்காலை ஐந்து நாற்பதுக்கு. தாளில் ஏழு நாற்பது என்று இருந்தது. இரண்டு மணி நேரம் நகர்ந்ததில் கம்ப்யூட்டர் கணக்கில் லக்னம் மாறி, செவ்வாய் சட்டமாக எட்டாம் வீட்டில் போய் உட்கார்ந்திருந்தது.

திருத்தினார். இரண்டு வாரத்தில் மறுபடியும் ஏழு நாற்பது.

சந்தேகம் நேரே புஷ்பவல்லி மேல் விழுந்தது. அவளுடைய அக்காள் ஜாதகமும் அதே பட்டியலில் இருந்ததல்லவா, போட்டிக்கு வந்துவிட்டாள் என்று கணக்குப் போட்டார். அவள் சிரித்தால் எதையோ மறைக்கிறாள், சிரிக்காவிட்டால் குற்ற மனசு. மாற்றும் உரிமையைப் பறித்தார். நேரம் மறுபடியும் மாறியது. வேறு யாராக இருந்தாலும் "சரி, இவள் இல்லை" என்றிருப்பார்கள். சிவசம்புவோ, "அப்ப என்ர பாஸ்வேர்டை எட்டிப் பார்த்திருக்கிறாள்" என்றார். ஒரு புதன்கிழமை எல்லோர் முன்னாலும், "கள்ளி!" என்று சொல்லியும்விட்டார். புஷ்பவல்லி கைப்பையை எடுத்துக்கொண்டு போனாள், மறுநாள் வரவில்லை.

பத்து நாள் கழித்து இருநூற்றுப் பதினான்கு மீண்டும் ஏழு நாற்பதைக் காட்டியது.

சிவசம்பு வாசுவைத் தொலைபேசியில் பிடித்து, கள்ளவழி ஏதும் வைத்திருக்கிறாயா என்று எகிறினார்.

"ஐயோ, அப்படியெல்லாம் இல்ல லா அங்கிள். நீங்க கோப்பி குடிக்கப் போறப்ப லாக் அவுட் பண்ணிட்டுத்தானே போறீங்க?"

"ஏன்? என்ர கதிரையில ஆர் துணிஞ்சு இருப்பான்?"

"அதான் வழி அங்கிள்," என்றான் வாசு.

தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிளாக்கர் தன் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுப் போனால் ஒருவரும் கிட்ட வரமாட்டார்கள். இவருடைய அந்தக் காலத்து அலுவலகத்தில் அதுதான் பூட்டு. இங்கேயும் அப்படியே கோட்டைப் போட்டுவிட்டு, திரையைத் திறந்தபடி விட்டு, நாலு மணிக்குக் கோப்பி குடிக்கப் போய்க்கொண்டிருந்தார்.

அந்த வார வியாழக்கிழமை பாதிப் படி இறங்கியவர், வாசு சொன்னது உறுத்த, சத்தமில்லாமல் திரும்பி ஏறினார். நாற்காலியில் குணபூசணி உட்கார்ந்திருந்தாள். வியாழக்கிழமைதோறும் பள்ளிக்கூடம் முடிந்து அப்பாவைக் காரில் ஏற்றிப்போக வருகிற மகள்! கோட்டை மடியில் மடித்து வைத்துக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தாள்.

"பூசணி, நீயோ?"

அவள் திடுக்கிட்டாலும் எழுந்திருக்கவில்லை. "எனக்குக் கல்யாணம் வேணாம்னு எத்தனை தடவை சொன்னேன் அப்பா? நான் வேணாம்னா யாருமே கேக்கறதில்ல. செவ்வாய்னு சொன்னா உடனே எழுந்து போயிடறாங்க." கோட்டை மடியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். "புஷ்பாவை அனுப்புவீங்கன்னு நான் நினைக்கவே இல்ல. பயந்துட்டேன். அதுதான் சொல்லல."

கோபம் வரும் என்று சிவசம்பு காத்திருந்தார். அவமானம்தான் வந்தது. கள்ளி என்று அவர் ஊர் கேட்கச் சொன்ன பெண் கிள்ளானில் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

சனிக்கிழமை தனியாகப் பஸ் ஏறிப் போனார். புஷ்பவல்லி இரும்புக் கதவுக்குப் பின்னால் வந்து நின்றாள், திறக்கவில்லை. அவர் நடந்ததைச் சொன்னார்.

"தெரியும் அங்கிள். டீச்சர் உக்காந்து தட்டினதை நான் பார்த்தேன்."

"பிறகேன் பிள்ளை சொல்லேல்லை?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

வெயில் பிடரியைச் சுட்டது. "நம்பியிருக்க மாட்டன்," என்றார். "பிழை என்னில. எல்லாருக்கும் முன்னால சொல்லுறன். திரும்பி வா."

"வரேன். ஆனா பார்க்க, சேர்க்க, மாத்த, அழிக்க, நாலும் என் பேர்ல வேணும்."

"அழிக்கவுமோ?" வாய் தானாகக் கேட்டுவிட்டது.

அவள் உள்ளே திரும்பினாள்.

"சரி, சரி! அழிக்கவும்தான்!"

திங்கட்கிழமை சொன்னபடி எல்லோர் முன்னாலும் சொன்னார். யார் மாற்றியது என்று தலைவர் கேட்டதற்கு, "என்ர பாஸ்வேர்ட், என்ர பொறுப்பு" என்று முடித்துவிட்டார். பிறகு புஷ்பவல்லியின் பெயருக்கு எதிரே நான்கு அனுமதிகளையும் தானே போட்டார். கடைசியைப் போடும்போது விரல் கொஞ்சம் நின்றது, போட்டார்.

"முதல்ல என்ன செய்யணும் அங்கிள்?"

"இருநூற்றுப் பதினாலை எடுத்துவிடு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "டீச்சரோடதா? அழிச்சா திரும்ப வராது."

"தெரியும்," என்றார் சிவசம்பு. "பிள்ளைக்கு வேண்டாமாம்."