சிங்கறாலில் நல்ல துண்டு எது?

போன புதன்கிழமை பின்னேரம், ஒரு கடற்கரை ஹோட்டலில், என் மனைவி புவனா உயிரோடிருந்த ஒரு சிங்கறாலை – லொப்ஸ்டரை – முதுகில் பிடித்துத் தூக்கி மல்லாக்கத் திருப்பினாள்.

வெறுங்கையால்!

நான் இன்னும் அந்த அதிர்ச்சியிலிருந்து மீளவில்லை. அந்த ஹோட்டல் வெயிட்டரும் மீண்டிருக்க மாட்டார்.

புவனாவைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பஸ்ஸில் இறங்குகிற இடம் வந்தால் அவள் பெல்லை அடிக்க மாட்டாள், என்னைப் பார்ப்பாள். நான் வெட்கப்பட்டுக்கொண்டு, வேறு யாராவது அடிக்கிறார்களா என்று பார்ப்பேன். இப்படியே வெள்ளவத்தையில் இறங்க வேண்டிய நாங்கள் தெஹிவளையில் இறங்கி நடந்து வந்திருக்கிறோம். ஒருமுறை அல்ல.

அப்படிப்பட்டவள்... சரி, முதலிலிருந்து வருகிறேன்.

தொடங்கி வைத்தது மெல்பேர்னில் படிக்கும் எங்கள் மகள் அபி. "அப்பா, கலியாணம் கட்டி இருபத்து மூண்டு வருஷம். அம்மாவை ஒரு இரவெண்டாலும் வெளியிலை கூட்டிக்கொண்டு போய் வச்சிருந்திருக்கிறீங்களோ?"

யோசித்தேன். ஆஸ்பத்திரியில் மூன்று இரவு வைத்திருந்திருக்கிறேன் – அபி பிறந்தபோது. அது சேர்த்தி இல்லையாம்.

எனக்குள்ளும் வேறொன்று உறுத்திக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் மீன் காய்ச்சினால் நடுத்துண்டு எனக்கு வரும். தலை புவனாவின் கோப்பைக்குப் போகும். "எனக்குத் தலைதான் விருப்பம்" என்பாள். எல்லா வீட்டுப் பெண்களும் சொல்கிற பொய்தானே இது? நம்புவது போல நாமும் முகத்தை வைத்துக்கொண்டு நடுத்துண்டை முடித்து விடுகிறோம்.

ஒரே ஒரு நாள், அவள் சமைக்காத ஒரு சாப்பாட்டில், மேசையில் உள்ள நல்ல துண்டை முதலில் அவள் சாப்பிட வேண்டும். இதுதான் என் திட்டம். சிங்கறாலை விட நல்ல துண்டு இந்தத் தீவில் ஏது?

"கடற்கரை ஹோட்டலிலை ஒரு இரவு. சிங்கறால் டினர்" என்று அறிவித்தேன்.

புவனா எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாள். எங்கள் வீடு தொடர்மாடியில் நாலாம் மாடி. எதிரே நிற்கும் இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் ஒரு முழம் கடல் தெரியும்.

"அப்ப இது என்னவாம்?" என்றாள்.

நல்ல கேள்விதான். ஆனாலும் நான் விடவில்லை.

ஹோட்டல் தெரிவு செய்வது இவ்வளவு கஷ்டம் என்று யார் நினைத்தார்கள்? பெண் பார்த்ததுகூட ஒரே பின்னேரத்தில் முடிந்தது. இதற்கு ஒரு மாதம். எல்லா ஹோட்டல் படத்திலும் ஒரே பெண் ஒரே தொப்பியோடு கடலைப் பார்த்து முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள்! ரயிலில் போகக்கூடிய இடமாக இருக்க வேண்டும். என் முழங்காலுக்குப் படி இருக்கக் கூடாது. கலியாண மண்டபம் பக்கத்தில் இருந்தால் இரவெல்லாம் நித்திரை இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே அபியின் கட்டளை ஒன்று – சிங்கறாலை உயிரோடு காட்டிவிட்டுத்தான் சமைக்க வேண்டும். ஐஸ் பெட்டிச் சரக்கு வேண்டாம்.

இதையெல்லாம் போனில் கேட்க வேண்டியவன் நான். கேட்க வேண்டியதைப் பேப்பரில் எழுதி வைத்து வாசித்தேன். ஓர் இடத்தில், நான் கேள்வியை வாசித்து முடிக்குமுன் போனை வைத்துவிட்டார்கள். கடைசியில் காலி நகருக்கு இந்தப் பக்கம் ஒரு ஹோட்டலில் "உயிரோட இருக்கு சேர், நீங்களே பாத்து எடுக்கலாம்" என்றார்கள். பெயர் கேட்காதீர்கள். ஏன் என்று பிறகு விளங்கும்.

நாள் பார்ப்பது அடுத்த சிக்கல். வெள்ளி எங்கள் வீட்டில் மச்சம் மாமிசம் இல்லை. செவ்வாய் புவனாவுக்கு விரதம். திங்களோ வியாழனோ போனால் மறுநாள் காலைச் சாப்பாடு இடிக்கும். சனி ஞாயிறு பாதிக் கொழும்பும் அங்கேதான் இருக்கும். மிஞ்சியது புதன்.

"செப்டெம்பரிலை ஒரு புதன் போடட்டோ?" என்று கேட்டேன்.

"செப்டெம்பர், ஒக்டோபர் ரெண்டும் வேண்டாம். நவம்பரிலை பாருங்கோ."

நவராத்திரி, கந்தசஷ்டி எல்லாம் வருகிறதே, அதுதான் என்று நினைத்தேன். என்ன பக்தி என்று மனதுக்குள் மெச்சியும் கொண்டேன். இந்த இடத்தை ஞாபகம் வைத்திருங்கள்.

போன புதன் போய்ச் சேர்ந்தோம். கீழ்மாடி ரூம். கதவைத் திறந்தால் மணல், அதற்கப்பால் கடல். புவனா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வீட்டுக் கடல்தான். ஜன்னல்தான் பெரிசு."

இது அவளுடைய பாஷையில் பாராட்டு.

ஐந்தரைக்கு வெயிட்டர் வந்து குசினிக்குப் பக்கத்தில் இருந்த சீமெந்துத் தொட்டிக்குக் கூட்டிப் போனார். ஐந்தாறு சிங்கறால்கள், நீட்டு மீசைகளை ஆட்டிக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. "எடுங்க சேர்" என்றார். எனக்கோ சாரிக் கடையில் நிறம் கேட்டாலே வியர்க்கும். கண்ணை மூடிக்கொண்டு ஆகப் பெரியதைக் காட்டினேன். பெரிதென்றால் புவனாவின் துண்டும் பெரிது... இல்லையா?

வெயிட்டர் வலையால் கோலி எடுத்தார்.

"மல்லி, ஓய எக்க பொட்டக் ஹரவன்ன."

தம்பி, அதைக் கொஞ்சம் திருப்புங்கோ. யார் குரல் இது? திரும்பிப் பார்த்தேன். புவனா! வெளியே போனால் சிங்களம் பேசுவது என் வேலை. எனக்குத் தெரிந்ததே அரைகுறை. புவனாவின் வாயிலிருந்து ஒரு முழு வசனத்தை நான் அன்றுதான் கேட்டேன்.

வெயிட்டர் தயங்கினார். அப்போதுதான் அவள் வலைக்குள் கையை விட்டாள்.

மல்லாந்து துடித்த சிங்கறாலின் வாலடியில் கொத்துக் கொத்தாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. ஊற வைத்த கடுகு போல.

"முட்டை" என்றாள் என்னிடம். "செம்மஞ்சளா இருந்தா இன்னும் நாள் கிடக்கு. இது மண்ணிறம். ரெண்டு மூண்டு நாளிலை பொரிச்சிடும். இதைப் பிடிக்கவும் கூடாது, விக்கவும் கூடாது."

டை கட்டிய மனேஜர் ஓடி வந்தார். சிரித்துக்கொண்டே, அது வெறும் ஊத்தை, கழுவினால் போய்விடும் என்று இங்கிலிஷில் சொன்னார். புவனா நகத்தால் ஒன்றைக் கிள்ளி எடுத்து உள்ளங்கையில் வைத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். சிரிப்பு நின்றுவிட்டது. தொட்டிக்குக் கிட்ட மேசையில் இருந்த வெள்ளைக்காரர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்க்கத் தொடங்கினார்கள்.

எனக்குத் தொட்டிக்குள் இறங்கிவிடலாம் போலிருந்தது. "இஞ்சேரும், விடும்... சனம் பாக்குது. வேறை ஒண்டை எடுப்பம்."

"நாங்கள் வேறை ஒண்டை எடுத்தா இது நாளைக்கு வேறை மேசைக்குப் போகும்" என்றாள். கை விடவில்லை.

அந்த நேரம் குசினிக்குள்ளிருந்து வயதான சமையல்காரர் ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். மனேஜரைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. புவனா சிங்கறாலைப் பிடித்திருந்த விதத்தையே பார்த்தார். பிறகு சிங்களத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தங்கச்சி, எந்தப் பெக்டரி?"

"மட்டக்குளி" என்றாள் என் மனைவி.

அவர் தலையை ஆட்டினார். மனேஜரிடம் ஏதோ இரண்டு வார்த்தை சொன்னார். மனேஜர் உள்ளே போய்விட்டார். சமையல்காரர் ஒரு வாளியில் கடல் தண்ணீரோடு வந்து சிங்கறாலை அதற்குள் வாங்கிக்கொண்டார். மூன்று பேரும் மணலில் நடந்தோம் – முன்னால் அவர்கள் இருவரும், பின்னால் செருப்பைக் கையில் பிடித்தபடி நானும். பெக்டரியா? மட்டக்குளியா? என் தலைக்குள் வேறொன்றும் ஓடவில்லை.

அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். கல்லிடுக்குப் பக்கமாக அதை விட்டார். அது பின்பக்கமாக ஒரு வெட்டு வெட்டிப் போய் மறைந்தது.

அவர் திரும்பிப் போன பிறகு கேட்டேன். "எக்ஸ்போர்ட் கொம்பனியிலை வேலை எண்டெல்லோ கலியாணத் தரகர் சொன்னவர்?"

"ஓம். சிங்கறால் எக்ஸ்போர்ட்."

நான் ஃபைல், கம்பியூட்டர், ஃபேனுக்குக் கீழே ஒரு கதிரை என்று கற்பனை செய்து வைத்திருந்தேன். இவள் ஐந்து வருடம் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஈரத்தில் நின்றிருக்கிறாள். லொறியில் வருகிறவற்றை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பதுதான் வேலை. முட்டை இருந்தால் ஒரு பக்கம். முட்டையை யாராவது பிரஷ்ஷால் உரசி எடுத்திருந்தால் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். "லொறிக்காரங்கள் என்னைக் கண்டா பயப்பிடுவாங்கள்" என்றாள், கொஞ்சம் பெருமையாக.

என் மனைவியைக் கண்டு லொறிக்காரர்கள் பயந்திருக்கிறார்கள்!

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"அண்ணாதான் சொல்ல வேண்டாமெண்டவர். மீன் பெக்டரி எண்டு தெரிஞ்சா மாப்பிள்ளை வீடு வேண்டாமெண்டிடும் எண்டு. கலியாணத்துக்குப் பிறகு நீங்கள் கேட்டா சொல்லுவம் எண்டுதான் இருந்தனான்."

"நான் கேக்கேல்லையோ?"

"ஒருநாளும் கேக்கேல்லை."

உண்மைதான். நீர் என்ன வேலை செய்தனீர், பிடித்திருந்ததா, கஷ்டமா... ஒன்றும் கேட்டதில்லை. வெட்கம். அதைப் பெருந்தன்மை என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது. கொட்டாஞ்சேனைக்குப் பெண் பார்க்கப் போன அன்று, தேத்தண்ணி நீட்டிய கையில் தேசிக்காய்ப் புளி வாசம் வந்தது என்றும், அந்த வாசத்துக்கே சம்மதித்தேன் என்றும் இந்தப் பக்கத்திலேயே ஒருமுறை உருகி எழுதியிருக்கிறேன். சில வாசகிகள் கடிதமும் போட்டார்கள். ஞாபகமா?

"அது பெக்டரி மணம் போறதுக்கு உரஞ்சினது. அண்டைக்கு ஆறு தேசிக்காய்."

"நான் எழுதினதை வாசிச்சனீரோ?"

"வாசிச்சுப்போட்டுக் குசினிக்குள்ளை நிண்டு சிரிச்சனான். இண்டைக்குச் சொல்லுவம் எண்டு வெளியிலை வந்தனான். நீங்கள் அடுத்த கிழமைக்கு என்ன எழுதுறதெண்டு யோசிச்சுக்கொண்டு இருந்தனீங்கள்."

அலை வந்து காலை நனைத்தது. நான் மாதங்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"செப்டெம்பர், ஒக்டோபர் வேண்டாமெண்டது... விரதத்துக்கு இல்லையோ?"

"விரதமோ? அந்த ரெண்டு மாசமும் சிங்கறால் பிடிக்கத் தடை. அப்ப எங்களுக்கும் வேலை இல்லை. அந்த மாசம் ஆரும் உயிரோடை காட்டினா அது களவுச் சரக்கு."

ஆகவே, கடற்கரை ஹோட்டல் தேடும் வாசகர்களே, படத்தில் உள்ள தொப்பிக்காரியைப் பார்க்காதீர்கள். மாதத்தைப் பாருங்கள். தொட்டியடியில் வெட்கப்படாமல் திருப்பச் சொல்லுங்கள். ஒரு மாதம் போன் போட்டுத் தேடிய எனக்குத் தெரியாததை, பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் அறிந்திருந்தாள்.

இரண்டாவது சிங்கறாலை அவளே தெரிவு செய்தாள். கடைசிக் காலின் நுனியில் குட்டிக் கொடுக்கு இருந்தால் அது பெட்டை, இல்லாவிட்டால் கிடாய் என்று எனக்குக் காட்டித் தந்தாள். சமையல்காரர் அதை இரண்டாகப் பிளந்து, பட்டரும் உள்ளிப்பூண்டும் போட்டுச் சுட்டு, தானே கொண்டு வந்து வைத்தார்.

"பெக்டரியிலை நல்லாச் சாப்பிட்டிருப்பீரே?" என்றேன்.

"வால் முழுக்க வெளிநாட்டுக்கு. வாசலிலை பையைத் துழாவித்தான் விடுவாங்கள். சனிக்கிழமையிலை ஆளுக்கு ஒரு பை தலை தருவினம். அம்மா ரசம் வைப்பா. வாலிலை ஒரு துண்டு நான் வாயிலை வச்சதில்லை."

ஐந்து வருடம் கையில் பிடித்தவள்... ஒரு துண்டு? வேறு அதிர்ச்சிகளையெல்லாம் தாங்கிவிட்டேன். இதைத் தாங்க முடியவில்லை.

அவள் கை தன்பாட்டில் தலைப் பக்கமாகப் போனது. நான் தட்டைப் பிடித்து அப்படியே சுழற்றினேன். வால் அவள் பக்கம் வந்தது.

"இண்டைக்கு வால் உமக்கு. நீர் சாப்பிட்டுத்தான் நான்."

கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. வெள்ளைக்காரர்கள் திரும்பவும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

புவனா ஒரு துண்டை எடுத்தாள். மெதுவாக மென்றாள். குசினி வாசலில் சமையல்காரர் நின்றார். நானும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொரு துண்டு எடுத்தாள். பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்துத் தலையை உடைத்து, உள்ளே இருந்ததை விரலால் வழித்து வாயில் வைத்தாள். கண்ணை மூடினாள்.

"தலைதான் ருசி" என்றாள்.

அப்படியானால் வீட்டில் மீன் தலைக்கு அவள் சொன்னது... பொய்யே இல்லையா? அவள் சொல்லாததை நான் கேட்கவில்லை, சரி. சொன்னதையாவது நம்பியிருக்கக் கூடாதா?

புவனா வாலை என் பக்கம் தள்ளிவிட்டு விரலைச் சூப்பினாள்.

"பாவம் அந்த வெளிநாட்டுக்காரர். இவ்வளவு காலமும் வாலைத் திண்டு ஏமாந்திருக்கினம்!"