பதினோராம் அறைச் சாவி

நாகப்பட்டினத்துக்கு வடக்கே கடலைப் பார்த்து நிற்கும் அந்த ஹோட்டலுக்கு இப்போது இணையத்தில் ஒரு வரலாற்றுப் பக்கம் இருக்கிறது. முதலில் ஒரு உப்பு வியாபாரியின் கிடங்கு. பிறகு துறைமுக அதிகாரிகள் தங்கும் விடுதி. ஒரு புயலில் மாடி போய், திரும்பக் கட்டினார்கள். கடைசியாக ஒரு கம்பெனி வாங்கி நீச்சல்குளம் வெட்டியது. எங்கள் ஊர் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் பிள்ளைகள் சனி, ஞாயிறோடு இன்னொரு நாள் லீவு சேர்ந்தால் அங்கே போய்த் தங்குகிறார்கள். எனக்குத் தெரிந்தவரை தகவல்களில் பிழை இல்லை. பதினோராம் அறையைப் பற்றி மட்டும் ஒரு வரியும் இல்லை.

அந்த அறையின் சாவி பல வருடம் லிங்கராஜபுரத்தில், எங்கள் வீட்டு இரும்பு பீரோவில், அத்தையின் புடவைகளுக்கு அடியில் கிடந்தது. அத்தை அப்பாவின் அக்கா. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மாமா கல்யாணப் போட்டோவில் இருந்தார், வீட்டில் இல்லை. கேட்டால் வெளியூரில் இருப்பதாகச் சொல்வார்கள்.

எனக்கு ஒன்பது வயது. அந்த மே மாதம் புதுநன்மை, அதாவது சர்ச்சில் முதல்முறையாக நற்கருணை அப்பம், வாங்க வேண்டும். ஞானோபதேச வகுப்பில் சிஸ்டர் சொன்னார்: அடுத்தவர் பொருளை எடுத்திருந்தால் மன்னிப்புக் கேட்டால் மட்டும் போதாது, திருப்பிக் கொடுத்தாக வேண்டும், இனி செய்ய மாட்டேன் என்றும் சொல்ல வேண்டும். நான் ஒரு ரப்பரைத் திருப்பிக் கொடுத்தேன். மறுநாளே, புதுநன்மைக்குத் தைத்த வெள்ளை உடுப்பைத் தொட்டுப் பார்க்க பீரோவைத் திறந்தபோது சாவி கையில் தட்டுப்பட்டது. பித்தளை வில்லையில் ஹோட்டல் பெயர், ஊர், எண் பதினொன்று. ஞாயிறு தவறாமல் நன்மை வாங்க வரிசையில் நிற்கும் அத்தையின் பீரோவில் திருட்டுச் சாவி. அவர் ஆன்மாவைக் காப்பாற்றும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

பாவம் அவருடையது என்பதால் கடிதத்தையும் அவர் பெயரிலேயே எழுதினேன். "உங்கள் சாவியை இத்தனை நாள் வைத்திருந்தது தவறு. இனி எனக்கு இது வேண்டாம்." அத்தை பிடித்து எழுதப் பழக்கிய கை அது; எழுத்து அவருடையதைப் போலவே வலப்பக்கம் சாய்ந்திருக்கும்.

போஸ்ட் ஆபீஸ்காரர் உறையைக் குலுக்கிப் பார்த்தார்.

"இன்னா கண்ணு உள்ள, கடகடன்னுது?"

"ஹோட்டல் சாவி. அத்தை எடுத்துட்டு வந்துட்டாங்க."

"சாவியோட நிறுத்திக்கினாங்களே. கதவ வுட்டு வச்சாங்களே," என்று சிரித்தபடி தபால்தலையை ஒட்டினார்.

பதில் வந்தபோது புதுநன்மை முடிந்திருந்தது. உறைமேல் அத்தையின் பெயர் இருந்தாலும் பாராட்டு எனக்குரியது என்பதால் நானே பிரித்து, மதியம் சாப்பிட உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் சத்தமாகப் படித்தேன். அம்மையாரின் நேர்மைக்கு மேனேஜர் நன்றி சொல்லியிருந்தார். அந்த அறையில் ஆண்டுதோறும் மே மாதம் நான்கு நாள் வந்து தங்கும் ஒருவர் உண்டு. பழைய சாவி பற்றிப் பேச்சு வந்தால், "என் மனைவியிடம் இருக்கிறது, ஒருநாள் கொண்டுவருவாள்" என்பார். பொட்டலம் வந்த அன்றும் அவர் அங்கே இருந்தார். சாவியையும் கடிதத்தையும் காட்டினார்கள். அன்று மாலையே அறையைக் காலி செய்துவிட்டார். அடுத்த வருடத்துக்குச் சொல்லி வைக்கவில்லை.

அப்பா சோறு பிசைவதை நிறுத்தினார். அத்தை கடிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தார்.

"நீ இன்னா எழுதின? எழுதினத அப்படியே சொல்லு."

சொன்னேன்.

"இனி வேணாம்னா எழுதின?"

"ஆமா அத்தை. திரும்ப எடுக்க மாட்டேன்னு சொல்லணும்ல."

அப்பா கையை ஓங்கினார். "உடுடா. புள்ள நல்லதுன்னு தானே செஞ்சுது," என்றார் அத்தை.

மற்றதெல்லாம் வளர்ந்தபின் துண்டு துண்டாகத் தெரிந்தது. தாத்தாவோடு வந்த வாய்த்தகராறில் மாமா, இந்த வாசலை இனி மிதிப்பதில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வந்து கூப்பிட்டால்தான் போவேன் என்று அத்தை இருந்துவிட்டார். அவர்கள் இருவர் மட்டுமாக இருந்தது கல்யாணமான புதிதில், அந்த ஹோட்டலில், நான்கு நாள். மாமா வருடாவருடம் அங்கே போகிறார் என்பது கடிதம் வரும்வரை அத்தைக்குத் தெரியாது.

மறுநாள் காலை பஸ்ஸில் அத்தை அந்த ஊருக்குப் போனார். மாமா எங்கே இருக்கிறார் என்று ஹோட்டல் ரெஜிஸ்டரைப் பார்க்கக் கேட்டிருக்கிறார். எல்லா வருடத்திலும், முகவரி என்ற இடத்தில், மாமா எங்கள் லிங்கராஜபுரத்து வீட்டு முகவரியைத்தான் எழுதியிருந்தார்.

அதன்பின் ஒவ்வொரு மே மாதமும் அத்தை நான்கு நாள் தனியாக வெளியூர் போனார். வேளாங்கண்ணிக்கு என்று வீட்டில் சொன்னார்கள். எங்கள் தெருவில் வேளாங்கண்ணி போய் வருகிறவர்கள் எல்லாரும் புனித எண்ணெயும் மாதா படமும் கொண்டுவருவார்கள். அத்தை ஒருமுறைகூடக் கொண்டுவந்ததில்லை. ஒரு வருடம் குறைப்பட்டுக்கொண்டேன். மறந்துவிட்டதாகச் சொன்னார். கணக்கு டீச்சருக்கு இவ்வளவு மறதி இருக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.