சவிரிமுத்துவின் மணி முந்தி அடித்தது

பேய், ஆவி, முன்னறிகுறி என்று யாராவது தொடங்கினால் எழுந்து போகிற ஆள் நான். விஞ்ஞானம் படித்து மருந்தாளராக வேலை பார்த்தவன். மருந்து குடித்தால் காய்ச்சல் இறங்கும், அதற்கு மேல் உலகத்தில் ஒன்றுமில்லை என்று இருந்தேன். நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்களும் எழுந்து போகலாம், குறை நினைக்கமாட்டேன். ஆனால் இது பட்டப்பகலில் நடந்தது. இதில் என் குற்றமும் இருப்பதால்தான் இத்தனை வருடம் வாயைத் திறக்கவில்லை.

எழுபதுகளில் மன்னார்த் தீவில் ஒரு சிறிய ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். ஒரே டொக்டர், அவரும் பாதி நாள் பாலம் கடந்து போய்விடுவார், அதனால் கந்தோர் எழுத்து வேலையும் என் தலையில்தான். நோயாளி யாராவது இறந்தால் பெயர், ஊர், நேரம் மூன்றையும் ஒரு கடதாசித் துண்டில் எழுதி நான் மாதா கோயிலுக்கு அனுப்புவேன். கோயில் மணியைப் பார்க்கிற சங்கிலித்தாம் லூக்காஸ் அதை வாசித்துவிட்டுத்தான் துக்க மணி அடிப்பார். துண்டில்லாமல் கயிற்றைத் தொடமாட்டார்.

வலியை அடக்கப் போடுகிற, அளவு மிஞ்சினால் ஆளையே முடித்துவிடுகிற மோர்பின் இருந்த அலுமாரியின் சாவி எப்போதும் என்னிடம் இருக்கவேண்டும் என்பது சட்டம். நான் மத்தியானத்தில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுக்கிறவன், அவசரத்துக்கு உதவட்டும் என்று சாவியை வார்ட்டில் தொங்கிய அந்தோனியார் படத்துக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிட்டுப் போவேன். இது ஆண் தாதி நேசனுக்குத் தெரியும். மெதுவாகப் பேசுகிறவன், நோயாளிகளுக்குத் தலை வாரிவிடுகிறவன். அவன் வேலையில் நின்ற மத்தியானங்களில், சாகிற அளவுக்கு நோய் வருத்தமே இல்லாத மூன்று பேர் ஒரே மாதத்தில் நித்திரையிலேயே போனார்கள். அலுமாரியில் மருந்தும் குறைந்தது. டொக்டரிடம் சொன்னேன்.

"உதையெல்லாம் எழுத்திலை வைக்காதையும். நான் மாற்றம் கேட்டிருக்கிறன், போனாப் பிறகு என்னவும் செய்யும்," என்றார்.

நானும் வைக்கவில்லை. வைத்தால் சாவிக் கதையும் வெளியே வரும்.

சோளகக் காற்று மண்ணை வாரியடித்த ஒரு மத்தியானம், வீட்டில் சோற்றில் கை வைத்திருக்கிறேன், துக்க மணி கேட்டது. நான் துண்டு எழுதவில்லையே என்று கையைக் கூடச் சரியாகக் கழுவாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன்.

"ஆருக்கு அடிச்சனீர்?"

லூக்காஸ் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "என்ன ஐயா பகிடியோ? இப்ப நீங்கள்தானே சைக்கிளாலை இறங்காமலே தந்திட்டுப் போனனீங்கள்."

துண்டைக் காட்டினார். என் எழுத்து. சவிரிமுத்து, பேசாலை, மாலை நாலு இருபது. கடைசி எழுத்தில் மை ஊறியிருந்தது. அப்போது மணி இரண்டுகூட ஆகவில்லை.

திருக்கை முள் குத்தின காலோடு வந்தவர் சவிரிமுத்து. காயம் ஆறி, மறுநாள் வீட்டுக்குப் போக இருந்தவர். நான் மூச்சு வாங்க வார்ட்டுக்குள் நுழைந்தபோது கட்டிலில் இருந்து வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். மணி விஷயத்தைச் சொன்னேன்.

"எனக்கோ? அப்ப புதைக்கக் கிடங்கும் வெட்டிப்போட்டாங்களோ?" என்று விழுந்து விழுந்து சிரித்தார். "மனுசியிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ ஐயா, அவள் சந்தோசத்திலை செத்துப்போவாள்."

நேசனும் சிரித்தான். அவன் தண்ணீர் எடுக்கத் திரும்பியதும் சவிரிமுத்து என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தக் கையில் சிரிப்பு இல்லை.

"ஐயா, எனக்கு நோ ஒண்டும் இல்லை. பிறகும் ஊசி போடவேணும் எண்டு நிக்கிறான். பக்கத்துக் கட்டிலிலை செத்த கிழவனுக்கும் இப்பிடித்தான் போட்டவன். வேண்டாமெண்டு சொல்லுங்கோ."

எனக்கு விளங்கியது. அந்தோனியார் படத்தடிக்குப் போனேன். கையைப் பின்னால் விட்டேன், சாவி விரலில் பட்டது.

"என்ன ஐயா, சாவியோ?" நேசன் என் பின்னால் நின்றான்.

எடுத்தால் அவனைக் கொலைகாரன் என்று சொன்னதாகும். அது அங்கே ஏன் தொங்குகிறது என்று நானும் சொல்லவேண்டி வரும்.

"இல்லை. படம் சரிஞ்சு கிடந்தது," என்றேன். நேராக இருந்த படத்தைத் தொட்டு இன்னும் நேராக்கிவிட்டு வெளியே வந்துவிட்டேன். சவிரிமுத்துவின் பக்கம் திரும்பவில்லை.

நாலு இருபதுக்கு அவர் இறந்தார். நம்பினால் நம்புங்கள், நான் துண்டை எழுதினேன், கடைசி எழுத்தில் மை ஊறியது. கோயிலுக்கு நானே கொண்டுபோனேன்.

"ஒரு ஆளுக்கு ரெண்டு தரம் அடிக்கிறேல்லை ஐயா," என்று லூக்காஸ் மறுத்துவிட்டார். முதல் துண்டையும் என் கையில் வைத்தார். இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வெளிச்சத்தில் பிடித்தேன். மை ஊறிய இடம்கூட மயிரளவு விலகவில்லை.

விசாரணை என்று ஒன்று நடந்தது. சாவி என்னிடமே இருந்தது என்று சொன்னேன். மாரடைப்பு என்று எழுதி மூடினார்கள். நேசனுக்கு வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றம் கிடைத்தது, நல்ல நடத்தைக் கடிதத்தோடு. அதைச் சுத்தமாக நகல் எழுதிக் கொடுத்தவன் நான். அங்கே எத்தனை துக்க மணி அடித்ததென்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை.

இரண்டு துண்டுகளும் என் செபப் புத்தகத்தில் இருக்கின்றன. அன்றைக்கு அவசரத்தில் ஒன்றாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுவிட்டேன். அவர் உயிரோடிருக்கும்போது வந்தது ஒன்று, இறந்த பிறகு நான் எழுதியது ஒன்று. எது எதுவென்று எடுத்து எடுத்துப் பார்க்கிறேன், இன்றைக்கும் என்னால் பிரிக்க முடியவில்லை.