பரீட்சை நிற்கக் கூடாது என்ற எங்கள் அக்கா

அக்கா போய் ஓராண்டு ஆகிறது. இன்றும் போன் அடித்தால் அக்காவாகத்தான் இருக்கும் என்று கை போகிறது. பெற்றவர்கள் போனபோதுகூட நான் இப்படி ஒடிந்து போகவில்லை.

அன்னூருக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீட்டில் எங்களுக்கு மூத்தவராகப் பிறந்தார் அக்கா. பெருந்துறைக்கு வாழ்க்கைப்பட்டுப் போனார். மாமா விபத்தில் தவறியபோது மகன் கைக்குழந்தை. பிறந்த வீட்டுக்கே வந்துவிடச் சொன்னோம், கேட்கவில்லை. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போய் மகனை ஆளாக்கினார்.

கூட வேலை செய்த பெண்கள் பலர் சம்பளத்துக்குக் கைநாட்டு வைப்பதைப் பார்த்துத்தான் அக்கா எழுதப் படிக்கச் சொல்லித்தரும் வகுப்பு தொடங்கினார். பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருந்த ஷமீம் என்ற பெண் கணக்குச் சொல்லிக்கொடுக்க வந்து சேர்ந்தார். இருவரும் சம்பளம் வாங்காத வாத்தியார்கள். பொழுது சாய்ந்ததும் பிள்ளையார் கோயில் மண்டபத்தில் வகுப்பு நடக்கும். வராதவர் வீட்டுக்கு அக்காவே போய்விடுவார். ஏன் வரவில்லை என்று கேட்க மாட்டார். அடுப்படியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிக்க ஆரம்பித்துவிடுவார். சமையல் முடிந்ததும் அந்தப் பெண்ணைக் கையோடு கூட்டி வருவார்.

மாணவிகளில் மூத்தவர் பழனியம்மாள். அவர் வீட்டுக்காரர் ஒருமுறை, "இந்த வயசுல படிச்சு இவ கலெக்டராகப் போறாளாக்கும்" என்றாராம். "கலெக்டர் ஆனா நல்லதுதானுங்களே, கார்ல முன்னால நீங்கதான உக்காருவீங்க" என்று அக்கா சொல்ல, அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

புற்றுநோய் என்று தெரிந்தபோது முற்றியிருந்தது. கோவையில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் அக்காவுக்குப் பரீட்சை நினைப்புதான். அந்தப் பெண்கள் வாழ்க்கையிலேயே முதன்முதலாக எழுதப்போகும் எழுத்தறிவுப் பரீட்சை. ஷமீமின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் அன்னிக்கே போய்ட்டாலும் பரீட்சை நிக்கக் கூடாது கண்ணு. சொன்னீன்னா ஒருத்தியும் எழுத மாட்டா. முடிச்சுப்போட்டு வந்து என்னப் பாக்கட்டும்" என்றார்.

சொல்லி வைத்தது போலவே, பரீட்சை நடந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா போய்விட்டார். நான் போன் செய்தபோது ஷமீம் அந்தப் பெண்களோடு பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் நின்றிருந்தார். "சரிங்கண்ணா" என்று மட்டும் சொன்னார். பரீட்சைக்குப் போன் ஆகாது என்று சொல்லி எல்லோருடைய போனையும் வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாராம். உள்ளே அவர்கள் எழுத எழுத, வெளியே இவர் மடியில் அந்தப் பை அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

பெருந்துறை வீட்டில் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை அக்காவுக்குப் போர்த்தி முடித்தேன். "மயானத்துல குடுத்த நேரம் தாண்டுது, எடுத்தரலாமுங்க" என்று பெரியவர்கள் அவசரப்படுத்தினார்கள். "அம்மாகிட்டப் படிச்சவங்க வரட்டுமுங்க" என்று அக்காவின் மகன் அசையவே இல்லை. கடைசியில் வேன் வந்தது. வழியிலேயே செய்தி தெரிந்து அழுதுகொண்டு வந்த பெண்கள், இறங்கியதும் ஷமீமைத்தான் பிடித்துக்கொண்டார்கள். "எங்ககிட்ட மறைச்சுப்போட்டியே, உனக்கு எப்படி மனசு வந்துச்சு" என்று பழனியம்மாள் கத்தினார். அக்கா சொல்லித்தான் செய்தேன் என்று ஷமீம் வாயே திறக்கவில்லை. அதை நான்தான் அவர்களுக்குச் சொன்னேன்.

நன்றியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மீதியை எழுதியபின் என்னால் ஆகாது. ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறிச் சோறு கொண்டுவந்த கம்பெனிப் பெண்களுக்கும், தாங்கிப் பிடித்த உறவுகளுக்கும், நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. தங்கை ஷமீமுக்கு நன்றி என்ற சொல் போதாது. அக்கா விட்டுப்போன வகுப்பை இன்று அவர்தான் நடத்துகிறார்.

பரீட்சை எழுதிய அந்தப் பெண்கள் உள்ளே வந்து அக்காவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். யாரும் ஒப்பாரி வைக்கவில்லை. என்னென்ன கேள்வி வந்தது, என்ன எழுதினோம் என்று ஒவ்வொருவராக அக்காவிடம் சொன்னார்கள். கடைசியாகப் பழனியம்மாள் அக்காவின் கன்னத்தைத் தொட்டு, "தெரிஞ்ச கேள்வி ஒண்ண உட்டுப்போட்டேனுங்க டீச்சரம்மா. எந்திரிச்சுத் திட்டுங்க" என்றார்.

– தம்பி