அம்மா தலையில் கட்டிய குதிரைப் பட்டு

போன மாதம் மகளோடு சென்னையில் ஒரு பெரிய கடைவளாகத்துக்குப் போயிருந்தேன். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் சதுரமாக ஒரு பட்டுத் துணியை விரித்து வைத்திருந்தார்கள். கடிவாளமும் சேணமும் பாய்கிற குதிரைகளுமாக அச்சுப் போட்டது, பாரிஸ் கம்பெனி சரக்கு. நான் கண்ணாடியில் மூக்கு ஒட்ட நின்றதைப் பார்த்து, "மானத்த வாங்காதீங்கப்பா" என்று மகள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். எனக்கோ மூக்கில் தோல் வாசனை ஏறிவிட்டது.

பட்டுக்கும் தோலுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். படிப்பு முடித்ததும் எனக்கு முதல் வேலை திண்டுக்கல்லில் ஒரு தோல் ஷாப்பில். அங்கே தோலைப் பதனிட்டு வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். இங்கிலீஷில் கடிதம் அடிப்பது என் பொறுப்பு. என் இங்கிலீஷைப் படித்த பிறகும் சரக்கு வாங்கினார்கள் என்றால், தோல் அவ்வளவு நல்ல தோல். சாயங்கால பஸ்ஸில் என் பக்கத்து சீட் எப்போதும் காலியாகவே இருக்கும். வீட்டு வாசலில் அம்மா வாளித் தண்ணீரோடு நிற்பாள். "மொதல்ல குளிச்சிட்டு வாலே, அப்பறம் சாப்பாடு."

அந்த அம்மாவுக்கு மார்பில் கட்டி வந்தது. மதுரையில் ஆபரேஷன், அதற்குப் பின் கீமோ. முடி முழுக்கக் கொட்டிப்போனது. எங்கள் பக்கம் மொட்டைத் தலையைப் பார்த்தால் யாரும் நோயை நினைக்கமாட்டார்கள், பழனியைத்தான் நினைப்பார்கள். "பழனிக்குப் போயிட்டு வந்தீகளா மதினி? பஞ்சாமிர்தம் எங்க?" என்று எதிர்வீட்டு அத்தை கேட்க, அம்மாவும் "ஆமா, தாரேன்" என்று சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை நான் பழனிக்கு பஸ் ஏறி, அடிவாரத்திலேயே பஞ்சாமிர்த டப்பாக்களை வாங்கிக்கொண்டு, மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பினேன். தெருவே நக்கிச் சாப்பிட்டது.

ஆனால் வேண்டுதல் மொட்டையென்றால் முடி முளைக்கவேண்டுமே! மாதங்கள் போயும் முளைக்கவில்லை. அதற்குள் என் கல்யாணம் நெருங்கிவிட்டது. பெண் வீட்டார் ஆத்தூர்ப் பக்கம் மல்லிகை போடுகிற குடும்பம். கல்யாணம் நின்றுவிடுமோ என்ற பயத்தில் நோயைப் பற்றி அவர்களிடம் நாங்கள் மூச்சு விடவில்லை. அம்மா ஒரே பிடியாக நின்றாள். "நான் மண்டபத்துக்கு வரலப்பு. பூ வைக்க முடி இல்லாதவ மேடையில வந்து நின்னா என்ன நெனப்பாக? நீங்க போய் நல்லபடியா முடிச்சுட்டு வாங்க." அம்மா இல்லாமல் எனக்கு என்ன கல்யாணம்?

ஆபீஸில் நான் முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்ததை முதலாளியின் மனைவி நூர்ஜஹான் அக்கா கவனித்துவிட்டார். கேட்டார், சொன்னேன். மறுநாளே ஒரு தட்டையான அட்டைப்பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். பாரிஸிலிருந்து வந்த தோல் வியாபாரி அவருக்குப் பரிசாகக் கொடுத்த பட்டு. அவரே இன்னும் ஒரு தடவைகூடக் கட்டவில்லை. "செத்த நேரம் இப்புடி உக்காருங்கக்கா. தலைய மறைக்கிறது எங்களுக்குத் தெனமும் உள்ள வேலதான?" என்று அம்மாவைக் கண்ணாடி முன்னால் இருத்தி, குறுக்கே மடித்து, நெற்றியில் இறுக்கி, பின்னால் முடிச்சுப் போட்டார். அம்மாவின் காதுக்கு மேலே ஒரு குதிரை பாய்ந்தது. மண்டபத்துக்குக் கட்டிப்போக அந்தப் பட்டுக்குப் பொருத்தமான சேலை எது என்று அம்மா பீரோவைக் குடைய ஆரம்பித்தாள்.

கல்யாணத்தில் எல்லார் கண்ணும் அந்தத் தலையில்தான். மாப்பிள்ளையை ஒருவரும் சீண்டவில்லை. பெண்ணின் அம்மா நேராக வந்து, "இதென்ன சம்மந்தி, புதுசா இருக்கு?" என்றார். அம்மா பழனி என்றுதான் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"நோவு சம்மந்தி. கீமோ குடுத்தாக, முடி பூராம் போயிருச்சு" என்றாள் அம்மா.

பெண்ணின் அம்மா தன் கொண்டையிலிருந்த மல்லிகைச் சரத்தில் பாதியை அறுத்து, பட்டு முடிச்சில் செருகினார். "இதச் சொல்றதுக்கா இம்புட்டு யோசன? வாங்க, முகூர்த்தத்துக்கு நேரமாச்சு." அன்றிலிருந்து என் மாமியாரை நான் எதிர்த்துப் பேசியதில்லை. இப்போது நினைத்தாலும் அவர் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிடத் தோன்றுகிறது.

மருந்து கேட்டது. முடியும் வந்தது, முன்பு இல்லாத சுருட்டையோடு. பட்டை அலசி மடித்துக் கொண்டுபோனபோது நூர்ஜஹான் அக்கா வாங்க மறுத்துவிட்டார். அடுத்த தடவை மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, வரிசையில் ஒரு சின்னப் பெண் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு குனிந்தே இருந்தாள். அம்மா பையிலிருந்து பட்டை எடுத்தாள். அக்கா கட்டிய மாதிரியே அவளுக்குக் கட்டிவிட்டாள்.

"பேராச்சும் கேட்டியாம்மா?" என்றேன் பஸ்ஸில்.

"கேட்டா, எப்பத் திருப்பிக் குடுக்கன்னு அது யோசிக்கும்ல."

அதற்குப் பின் அம்மா நிறைய வருஷம் இருந்தாள். இப்போது அவளும் நூர்ஜஹான் அக்காவும் இல்லை. தோல் ஷாப் இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள், வாசனைகூட மிஞ்சவில்லை. அந்தப் பட்டு எங்கே போயிற்றோ தெரியாது. யாரும் தேடாமல் ஏதாவது ஒரு பீரோவின் அடியில் மடிந்தே கிடக்கட்டும். அப்படிக் கிடந்தால், அந்தப் பெண்ணுக்கும் முடி வளர்ந்துவிட்டது என்று அர்த்தம்.